வேலையை விடும் முன் மனிதர்களை எண்ணிப் பாருங்கள்!

கேள்வி:

"ஐயா, வணக்கம். நாமக்கல் பக்கம் ஒரு முட்டைக்கோழிப் பண்ணையில் 12 வருடமாக சூப்பர்வைசராக இருக்கிறேன். வயது 38. சம்பளம் 22,000 ரூபாய். வேலையை விட்டுவிட்டு முட்டை வியாபாரம் ஆரம்பிக்கலாம் என்று இருக்கிறேன். பண்ணைகளில் வாங்கி ராசிபுரம், ஆத்தூர், சேலம் கடைகளுக்குப் போடும் யோசனை. பி.எஃப். பணமும், மனைவியின் நகையை வைத்தால் வருவதும் சேர்ந்து 3 லட்ச ரூபாய் தேறும். தை பிறந்ததும் வேலையை விட்டுவிடலாமா? என் அப்பா கூலி வேலைக்குப் போனவர். எங்கள் சொந்தத்தில் தொழில் செய்கிறவர் ஒருவரும் இல்லை. 'பத்துப் பேர் பழக்கம் இல்லாதவன் வியாபாரத்துக்குப் போனா, நகைதான் போகும்' என்கிறார் மாமனார். அவர் சொல்வது சரியா?"

– பெயர் வேண்டாம் என்று எழுதிய வாசகர், ராசிபுரம் வட்டம்

பதில்:

உங்கள் மாமனார் சொன்னதில் பாதி சரி. வியாபாரத்துக்குப் பழக்கம் வேண்டும் என்பது சரி. உங்களுக்குப் பழக்கம் இல்லை என்று அவர் நினைப்பது தவறு.

12 வருடத்தில் அந்தப் பண்ணை வாசலில் யாரையெல்லாம் பார்த்திருப்பீர்கள்? முட்டை ஏற்ற வரும் வியாபாரி, வண்டி டிரைவர், லோடுமேன், தீவன மில்காரர், மக்காச்சோளம் கொண்டுவரும் புரோக்கர், மருந்துக் கம்பெனி ஆள், கால்நடை டாக்டர், முட்டை ஓய்ந்த கோழியை எடுக்க வருகிறவர், எரு ஏற்ற வரும் விவசாயி, சின்ன முட்டை கேட்டு வரும் பேக்கரிக்காரர். ஒரு நாளைக்கு இரண்டு பேர் என்று வைத்தாலும் நூற்றுக்கணக்கான முகங்கள். வேலைக்கே போகாத ஒருவர் வங்கியில் கடன் வாங்கிக்கொண்டு வந்தாலும் இந்த முகங்களை விலைக்கு வாங்க முடியாது.

ஆனால் ஒரு கேள்வி இருக்கிறது. அந்த வணக்கமெல்லாம் உங்களுக்கா, உங்கள் பண்ணைக்கா? இது தெரியாமல் வேலையை விட்டவன் நான். அந்தக் கதையை முதலில் சொல்லிவிடுகிறேன்.

என் டைரியில் இருந்த 200 பெயர்கள்

நாமக்கல் அப்போது சேலம் மாவட்டத்தில் இருந்தது. தனி மாவட்டமானது 1997-ல்தான். அதற்குச் சில வருடம் முன்பு ஒரு தீவனக் கம்பெனியில் விற்பனைப் பிரதிநிதியாக இருந்தேன். புதுச்சத்திரம், எருமப்பட்டி, மோகனூர், சேந்தமங்கலம் என்று சுற்றாத பண்ணை இல்லை. போன இடமெல்லாம் நாற்காலி போட்டு மோர் கொடுப்பார்கள். டைரியில் 200 பெயருக்கு மேல் இருந்தது. 'இத்தனை பேர் இருக்கிறார்கள், இனி என்ன' என்று வேலையை விட்டுத் தீவனக் கடை வைத்தேன்.

முதல் மாதம் கடைக்கு வந்தவர்கள் 11 பேர்.

மற்றவர்களைத் தேடிப் போனேன். மோர் கொடுத்தார்கள். ஆர்டர் கொடுக்கவில்லை. ஒருவர் மட்டும் மறைக்காமல் சொன்னார்: "தப்பா நினைக்காதீங்க தம்பி. உங்களைக் கம்பெனி ஆளாத்தான் தெரியும். கம்பெனி 30 நாள் தவணை கொடுத்துது. நீங்க கொடுப்பீங்களா?" அவர் மேல் கோபம் வந்தது. பிறகு யோசித்தால் அவர் சொன்னதுதான் நியாயம். எனக்கு வந்த மரியாதையில் பெரும்பகுதி நான் உட்கார்ந்திருந்த இடத்துக்கு வந்தது. இடத்தைவிட்டு எழுந்ததும் அது அடுத்த ஆளுக்குப் போய்விட்டது.

அந்த 11 பேர் ஏன் வந்தார்கள் என்று ஒருநாள் உட்கார்ந்து எழுதிப் பார்த்தேன். ஒருவருக்கு, கோழி செத்தபோது அதை எடுத்துக்கொண்டு நாமக்கல் கால்நடை மருத்துவக் கல்லூரிக்கு நானே போய்ப் பரிசோதனை முடிவு வாங்கிக் கொடுத்திருக்கிறேன். இன்னொருவரிடம், 'இந்த லோடு வேண்டாம், அடுத்த வாரம் வருவதை எடுங்கள்' என்று எங்கள் கம்பெனி சரக்கைப் பற்றியே உண்மை சொல்லியிருக்கிறேன். ஒருவருடைய பையனுக்கு பேங்க் படிவம் நிரப்பிக் கொடுத்திருக்கிறேன். பதினொன்றிலும் பொதுவாக இருந்தது ஒன்றுதான். சம்பளத்துக்காகச் செய்ய வேண்டியதில்லாத ஏதோ ஒன்றை அவர்களுக்குச் செய்திருந்தேன்.

அதே வருடம் சொந்தக்காரர் ஒருவர், மச்சான் முறை, 40,000 ரூபாய்க்குத் தீவனம் எடுத்தார். கேட்டால் கல்யாண வீட்டில் முகத்தைத் திருப்பிக்கொள்வார். கேட்காவிட்டால் கடை நிற்காது. மாறாக, டீக்கடையில் மட்டும் பழக்கமான ஒரு லாரி புக்கிங் ஆபீஸ் கிளார்க் ஒருநாள் கூப்பிட்டு, "அந்த மக்காச்சோள லோடு வழியில மழையில நனைஞ்சுடுச்சுங்க, பார்த்து வாங்குங்க" என்றார். நனைந்த சோளத்தில் பூஞ்சணம் பிடித்தால் அஃப்ளாடாக்சின் என்ற நஞ்சு வரும். அதைத் தின்ற கோழி முட்டை குறைக்கும், சாகும். அந்த ஒரு போன் இல்லையென்றால் கடை அன்றே முடிந்திருக்கும். அந்தக் கிளார்க்கின் பெயர் என் டைரியின் 200 பெயரில் இல்லை.

பழக்கத்துக்கு ரூபாய்க் கணக்கு உண்டு

பழக்கம், நம்பிக்கை என்று பேசினால் உபதேசம் மாதிரித் தெரியும். உங்கள் தொழிலையே கணக்குப் போட்டுப் பார்ப்போம். முட்டை விலை தினமும் மாறுவதால், வசதிக்காகப் பண்ணை விலை 5 ரூபாய் என்று வைத்துக்கொள்கிறேன். உங்கள் நோட்டில் அன்றைய விலையைப் போட்டுக்கொள்ளுங்கள்.

தினம் 5,000 முட்டை ஓட்டுகிறீர்கள். ஒரு முட்டைக்கு 35 பைசா நிற்கிறது என்றால் 1,750 ரூபாய். உடைசல் நூற்றுக்கு ஒன்று என்றால் 50 முட்டை, 250 ரூபாய். டீசலுக்கு 400 ரூபாய். மிச்சம் 1,100 ரூபாய். மாதம் 26 நாள் ஓடினால் 28,600 ரூபாய். வண்டித் தவணை, டயர், ரிப்பேருக்கு 8,000 ரூபாய் ஒதுக்கினால் கையில் 20,600 ரூபாய். இப்போது வாங்கும் சம்பளத்தைவிடக் கொஞ்சம் குறைவு. அதாவது 5,000 முட்டை ஓட்டினால்கூட, இன்று இருக்கும் இடத்தை நீங்கள் இன்னும் தொடவில்லை.

அந்த 5,000 முட்டையை யார் வாங்குவார்கள்? ஒரு மளிகைக்கடை நாளைக்கு மூன்று அட்டை, அதாவது 90 முட்டை எடுக்கிறது என்றால் 50 கடைக்கு மேல் வேண்டும். உங்களுக்கு எத்தனை கடைக்காரரைத் தெரியும்? பண்ணை சூப்பர்வைசருக்குப் பண்ணைப் பக்கம்தான் பழக்கம் இருக்கும். கடைப் பக்கம் இருப்பதில்லை. உங்கள் பள்ளம் இங்கேதான் இருக்கிறது என்று நினைக்கிறேன்.

அடுத்தது கடன். பண்ணையில் ரொக்கம் கேட்கிறார்கள், கடைக்காரர் வாரம் ஒருமுறை கொடுக்கிறார் என்றால், தினம் 25,000 வீதம் ஆறு நாளில் 1,50,000 ரூபாய் வெளியில் நிற்கும். உங்கள் 3 லட்சத்தில் சரிபாதி. வண்டி வாங்கியது போக இந்தப் பணம் இருக்காது. இரண்டு வட்டிக்கு வெளியில் வாங்கினால் மாதம் 3,000 ரூபாய் வட்டிக்கே போகும். அதே நேரம், உங்களைத் தெரிந்த ஒரு பண்ணைக்காரர், "ஒரு வாரம் கழிச்சுக் கொடுங்க, போதும்" என்று சொன்னால் அந்த ஒன்றரை லட்சம் உங்களுக்குத் தேவையே இல்லை. வேலையை விடும்போது ஒருவர் கையோடு எடுத்துப் போகும் சொத்து இந்த வார்த்தைதான்.

மூன்றாவது, சேதி. 1982-ல் தேசிய முட்டை ஒருங்கிணைப்புக் குழு வந்த பிறகு நாமக்கல் மண்டல விலை எல்லோருக்கும் தெரிகிற ஒன்றாகிவிட்டது. பேப்பரிலும் வருகிறது, போனிலும் வருகிறது. ஆனால் இன்றைக்கு 'மைனஸ்' எவ்வளவு, அறிவித்த விலையிலிருந்து எத்தனை பைசா குறைத்து எடுக்கிறார்கள் என்பது ஆளுக்கு ஆள், பண்ணைக்குப் பண்ணை மாறும். கேரளாவுக்கு லோடு மந்தமா, எந்தப் பண்ணையில் முட்டை தேங்கி நிற்கிறது என்பதெல்லாம் பழக்கத்தில் மட்டும் வரும் சேதி. உங்கள் லாபமே 35 பைசா. அதில் 10 பைசா இந்தச் சேதியில் இருக்கிறது என்றால் பாருங்கள்.

கடைசியாக, யார் பணம் தர மாட்டார் என்ற சேதி. மூன்று அட்டை எடுக்கும் கடை ஆறு நாள் பணத்தை ஏமாற்றினால் 2,900 ரூபாய்க்குப் பக்கம். அது உங்களுடைய மூன்று நாள் லாபம். எந்தக் கடை இழுத்தடிக்கும் என்று இப்போது முட்டை போடும் டிரைவருக்குத் தெரியும். அவரோடு ஒரு டீ குடிக்கிற பழக்கம் உங்களுக்கு உண்டா?

சொந்தத்தில் யாரும் இல்லையே என்ற கவலை

நம் சேலம் ஜில்லாவில் ஒரு பெரிய தொழிலே வழிப்பழக்கத்தில் பிறந்தது. இரண்டாம் உலகப் போர் காலம். அதுவரை ஜவ்வரிசி வெளிநாட்டிலிருந்து கப்பலில் வந்துகொண்டிருந்தது. போரில் அது தடைப்பட்டது. சேலத்து வியாபாரி மாணிக்கம் செட்டியார் வியாபார வேலையாகக் கேரளாவுக்கு அடிக்கடி போய்வருகிறவர். அங்கே பினாங்கிலிருந்து வந்த போபட்லால் ஷா என்பவர் பழக்கமானார். மரவள்ளி மாவிலிருந்து ஜவ்வரிசி செய்யும் விதம் அவருக்குத் தெரிந்திருந்தது. 1943-ல் சேலத்தில் கையால் செய்யும் குடிசைத் தொழிலாக ஜவ்வரிசி ஆரம்பித்தது. பிறகு வெங்கடாசலக் கவுண்டர் என்ற மெக்கானிக் அரைப்பதற்கும் வறுப்பதற்கும் இயந்திரங்களைத் திருத்திக் கொடுத்தார்.

ஒருவர் சேலத்துச் செட்டியார், ஒருவர் பினாங்கிலிருந்து வந்த ஷா, ஒருவர் கவுண்டர். மூவரும் ஒரே வீட்டுப் பந்தியில் உட்காருகிற சொந்தம் கிடையாது. ஒருவரிடம் சந்தை இருந்தது, ஒருவரிடம் பக்குவம் இருந்தது, ஒருவரிடம் கைவேலை இருந்தது. இன்றைக்கு நம் பக்கம் குச்சிக்கிழங்கு போடுகிற ஒவ்வொரு தோட்டமும் அந்தப் பழக்கத்தின் பலனைத்தான் அனுபவிக்கிறது.

இதையே அமெரிக்காவில் மார்க் கிரானோவெட்டர் என்ற சமூகவியல் அறிஞர் ஆராய்ந்து 1973-ல் எழுதினார். பாஸ்டன் நகரத்துக்குப் பக்கத்து ஊரில், தெரிந்தவர் மூலமாகப் புது வேலை கிடைத்தவர்களிடம், 'அந்தத் தெரிந்தவரை எவ்வளவு அடிக்கடி பார்ப்பீர்கள்?' என்று கேட்டார். அடிக்கடி பார்க்கிறவர் என்று சொன்னவர்கள் நூற்றுக்கு 17 பேருக்கும் குறைவு. மற்றவர்கள் எல்லோரும் எப்போதாவது பார்க்கிறவர், அல்லது அபூர்வமாகப் பார்க்கிறவர் என்றார்கள். காரணம் எளிது. பங்காளிக்கும் மச்சானுக்கும் தெரிந்தது பெரும்பாலும் நமக்கும் தெரிந்ததுதான். வேறு ஊரில், வேறு தொழிலில் இருக்கிறவர்தான் நமக்குத் தெரியாத சேதியைக் கொண்டுவருவார்.

அதற்காகச் சொந்தம் வேண்டாம் என்று சொல்ல வரவில்லை. நஷ்டம் வந்த மாதம் அரிசி கொடுப்பது சொந்தம்தான். ஆனால் சரக்கும் சந்தையும் பெரும்பாலும் வெளியிலிருந்து வரும்.

ஒன்றை மூடி மறைக்காமல் சொல்ல வேண்டும். நம் பக்கம் பல தொழில்களில் கடனும் பங்கும் சாதி, உறவு வட்டத்துக்குள்ளேயே சுற்றுகிறது. கூலிக்காரர் வீட்டுப் பிள்ளைக்கு அந்தக் கதவு எளிதில் திறக்காது. உங்கள் கடிதத்தில் அந்த வருத்தம் தெரிகிறது. அப்படிப்பட்டவர்களுக்கு, ஆளைத் தெரியாமலே வேலை செய்கிற அமைப்புகள்தான் துணை. 1981-ல் சேலத்தில் சேகோசர்வ் கூட்டுறவுச் சங்கம் உருவானது எதற்கு? ஜவ்வரிசி மில்காரர் தனக்குத் தெரிந்த நாலு வியாபாரியையே நம்பிக்கிடக்காமல், பல வியாபாரிகள் வந்து விலை கேட்கும் இடம் கிடைப்பதற்குத்தான். திருச்செங்கோடு கூட்டுறவு விற்பனைச் சங்கத்தில் மஞ்சள் மூட்டை ஏலத்துக்கு வரும்போது, விலை மஞ்சளைப் பார்த்துச் சொல்லப்படுகிறது. யார் வீட்டு மஞ்சள் என்பதைப் பார்த்து அல்ல.

உங்களுக்கு அப்படி ஓர் அமைப்பு வீட்டுக்குள்ளேயே இருக்கலாம். உங்கள் மனைவி மகளிர் சுய உதவிக் குழுவில் இருக்கிறாரா? தமிழ்நாட்டில் இந்தக் குழுக்கள் 1989-ல் பக்கத்துத் தர்மபுரியில்தான் ஆரம்பித்தன. இன்று குழு இல்லாத ஊர் இல்லை. இட்லிக் கடை, பெட்டிக்கடை, மெஸ் நடத்துகிறவர்கள் பலர் குழுவில் இருப்பார்கள். உங்களுக்கு இல்லாத கடைப் பக்கத்துப் பழக்கம் அவருக்கு இருக்கக்கூடும். நகையை மட்டும் கேட்காமல், அவரிடம் யோசனையும் கேளுங்கள்.

பழக்கம் ஏமாற்றவும் செய்யும்

ஈமு கோழியை மறந்திருக்க மாட்டீர்கள். 2012-ல் பெருந்துறைப் பக்கம் அது சரிந்தபோது, கொங்கு நாடு முழுக்கச் சின்ன விவசாயிகள் போட்ட பணம் போனது. விளம்பரத்தைப் பார்த்துச் சேர்ந்தவர்களும் உண்டு. ஆனால் சித்தப்பா சேர்ந்தார், அதனால் நானும் சேர்ந்தேன் என்றவர்கள் எத்தனை பேர்! முட்டைக்கும் கறிக்கும் இங்கே சந்தை இருக்கிறதா என்று கேட்க வேண்டிய இடத்தில், 'நம்ம ஆளு சொன்னா சரியாத்தான் இருக்கும்' என்று விட்டுவிட்டோம்.

பழகியவர் நல்லவராக இருக்கலாம். அவர் சொல்லும் கணக்கு தப்பாக இருக்கலாம். இரண்டையும் பிரித்துப் பாருங்கள். உங்களுக்கும் இப்படி ஒரு பழகியவர் வருவார். "தம்பி, என்னோடு சேர்ந்து போடு, மாசம் இவ்வளவு நிச்சயம்" என்பார். யார் வாங்குவார்கள், எப்போது பணம் தருவார்கள் என்று கேளுங்கள். பதில் இல்லையென்றால் டீ குடித்துவிட்டு வந்துவிடுங்கள்.

தைக்குள் என்ன செய்யலாம்?

ஒன்று: ஒரு 40 பக்க நோட்டு வாங்கி நான்கு தலைப்பு போடுங்கள். 'சரக்கைக் கடனாகத் தருகிறவர்', 'வாங்கி நாள் தவறாமல் பணம் தருகிறவர்', 'உண்மையான சேதி சொல்கிறவர்', 'வண்டி நின்றால் ராத்திரி வருகிறவர்'. பெயரை எழுதும்போது பக்கத்தில், அவருக்கு நீங்கள் இதுவரை என்ன செய்திருக்கிறீர்கள் என்றும் எழுதுங்கள். அந்தக் கட்டம் காலியாக இருந்தால், அது பண்ணையின் பழக்கம் என்று அர்த்தம். அடித்துவிடுங்கள்.

இரண்டு: முதலாளியிடம் நீங்களே போய்ச் சொல்லுங்கள். வேறு வாய் வழியாக அவர் காதுக்குப் போகக் கூடாது. "அண்ணா, தொழில் ஆரம்பிக்கலாம்னு இருக்கேன். உங்க பார்ட்டி யாரையும் தொட மாட்டேன். ஆளைப் பழக்கிவிட்டுத்தான் போவேன்" என்று சொல்லுங்கள். 12 வருடம் உங்கள் கணக்கைப் பார்த்தவர் அவர். உங்கள் முதல் ஒரு வாரக் கடன் அவரிடமிருந்தே வர வாய்ப்பு அதிகம். அவருடைய வியாபாரியைத் திருட்டுத்தனமாக வளைத்துக்கொண்டு வெளியே போனால், அந்தச் சேதி சாயங்காலத்துக்குள் எல்லாப் பண்ணைக்கும் போய்விடும். நம் ஊர் சின்ன ஊர். அவர் கோபப்பட்டால், அதையும் இப்போதே தெரிந்துகொள்வது நல்லது.

மூன்று: பெரிய வியாபாரிகள் அதிகம் கண்டுகொள்ளாத சரக்கில் ஆரம்பியுங்கள். புதிதாக முட்டை வைக்க ஆரம்பிக்கும் கோழியின் சின்ன முட்டை எந்தப் பண்ணையில் எந்த வாரம் வரும் என்று சூப்பர்வைசருக்குத் தெரியும். கோழி 18, 20 வாரத்தில் வைக்க ஆரம்பிக்கும். குஞ்சு இறக்கிய தேதி தெரிந்தால் மீதி விரல்விட்டு எண்ணும் கணக்கு. விலை குறைவான அந்த முட்டையை எண்ணி வாங்கும் மெஸ், ஓட்டல், பேக்கரி எது என்று தேடுங்கள். இந்த வித்தை உங்களுக்குத் தெரியும், பணம் மட்டும் வைத்திருப்பவருக்குத் தெரியாது.

நான்கு: வார விடுமுறை நாளில் ராசிபுரம், ஆத்தூர் கடைகளுக்கு நேரில் போங்கள். விற்கப் போக வேண்டாம். இப்போது யார் போடுகிறார்கள், என்ன குறை, எந்த நாளில் தட்டுப்பாடு என்று மட்டும் கேளுங்கள். 100 கடைக்குப் போனால் 30 கடைக்காரர் பேசுவார்கள். ஒரே கடைக்கு மூன்று முறை போன பிறகுதான் அவர் உங்களை ஆளாகப் பார்ப்பார்.

ஐந்து: வண்டி இப்போது வாங்காதீர்கள். வாடகை வண்டியில் மூன்று மாதம் ஓட்டிப் பாருங்கள். உணவுப் பாதுகாப்புத் துறை உரிமத்தை முன்கூட்டியே எடுத்துவிடுங்கள். கடன், மானியத் திட்டம் பற்றி மாவட்டத் தொழில் மையத்தில் நேரிலேயே கேளுங்கள். புரோக்கர் வேண்டாம்.

இனி நீங்கள் கேட்ட நேர்க் கேள்விக்கு நேர்ப் பதில். தை மாதக் கெடுவை மறந்துவிடுங்கள். இரண்டு பண்ணைக்காரர்கள் ஒரு வாரக் கடனுக்குச் சம்மதிக்க வேண்டும். 30 கடைக்காரர்கள், 'கொண்டு வாங்க, பார்க்கலாம்' என்று பெயர் சொல்லிக் கூப்பிட வேண்டும். மூன்று மாத வீட்டுச் செலவு தனியாகக் கையில் இருக்க வேண்டும். இந்த மூன்றும் தையில் சேர்ந்தால் தையில் விடுங்கள். ஆடியில் சேர்ந்தால் ஆடி கழித்து விடுங்கள். சேரவே இல்லையென்றால், வேலையில் இருந்துகொண்டே அது தெரிந்ததே என்று சந்தோஷப்படுங்கள். நகை வீட்டிலேயே இருக்கும்.

மாமனாரிடம் இந்தப் பக்கத்தைக் காட்டுங்கள். பத்துப் பேர் என்று அவர் சொன்னது நல்ல கணக்குதான். நோட்டில் அடித்தது போக எத்தனை மிஞ்சுகிறது என்று அவரோடு உட்கார்ந்தே எண்ணுங்கள். அப்படியே எனக்கும் ஒரு வரி எழுதுங்கள்.

*

இன்னொரு கேள்வி:

"என் கணவர் ரிக் வண்டியில் 15 வருடமாக வடக்கே போய்வருகிறார். இப்போது மேனேஜர். கூட வேலை செய்யும் மூன்று பேர் சேர்ந்து பழைய ரிக் வண்டி வாங்கலாம், நீயும் பங்குக்கு வா என்கிறார்கள். எழுத்து எதுவும் வேண்டாம், நமக்குள் என்ன எழுத்து என்கிறார்கள். எனக்குப் பயமாக இருக்கிறது."

– வாசகி, திருச்செங்கோடு பக்கம்

பதில்:

அம்மா, உங்கள் பயம் நியாயமானது. ஆனால் யோசனையே தவறு என்று சொல்ல மாட்டேன். திருச்செங்கோட்டில் ரிக் வண்டி முதலாளிகள் பலர் இப்படி வண்டியில் வேலை பார்த்துப் பங்குக்கு வந்தவர்கள்தான். ஒரு மேனேஜருக்கு எந்த ஊரில் எந்த ஏஜென்ட் போர் பிடித்துக் கொடுப்பார், எவர் அடிக்கணக்கில் ஏமாற்றுவார், எந்த பங்கில் டீசல் கடன் கிடைக்கும் என்பதெல்லாம் தெரியும். அதுதான் அவருடைய முதல்.

ஆனால் எழுத்து வேண்டும். இந்தியக் கூட்டாண்மைச் சட்டம் 1932-ல் வந்தது. பதிவு செய்யாத கூட்டுத் தொழிலில் தகராறு வந்தால், ஒப்பந்தப்படி என் உரிமையைக் கொடு என்று ஒரு பங்காளி மற்றவர் மேல் வழக்குப் போடுவது கடினம். தொழிலின் கடனுக்கோ ஒவ்வொரு பங்காளியும் முழுப் பொறுப்பு. மற்றவர் வாங்கிய டீசல் கடனுக்கு உங்கள் தோட்டம் வரைக்கும் கேள்வி வரலாம். யார் எவ்வளவு போட்டார், வேலைக்குச் சம்பளம் தனியா, ஒருவர் விலகினால் கணக்கு எப்படி, ஒருவர் இறந்தால் குடும்பத்துக்கு என்ன என்ற நான்கையும் எழுதிப் பதிவு செய்யச் சொல்லுங்கள். "நமக்குள்ள நம்பிக்கை இருக்கு, அது கெட்டுப்போகக் கூடாதுன்னுதான் எழுதச் சொல்றேன்" என்று உங்கள் கணவர் பேசட்டும். அதற்கும் முகம் சுளிக்கிறவரோடு பங்கு வேண்டாம்.

வாசகர்களே, வேலையை விட்டுத் தொழில் தொடங்கியவர்கள், தொடங்கி மூடியவர்கள் இருவருமே எழுதுங்கள். மூடியவர்கள் கடிதம் மற்றவர்களுக்கு இன்னும் உதவியாக இருக்கும். பெயர் வேண்டாம் என்றால் போட மாட்டோம்.